உறைந்த முளையத்தை எந்த முறையில் வைப்பது? தாயின் உடல்நலத்தை முன்வைத்து ஒரு பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருக்கு வயது 35. ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவுறச்செய்யும்) சிகிச்சையில் எடுத்த முட்டைகளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வளர்ந்த இரண்டு முளையங்கள், அதாவது தொடக்கநிலைக் கருக்கள், உறைநிலையில் இருக்கின்றன. மாதவிடாய் 28 அல்லது 29 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. அப்படியிருந்தும், மாத்திரை கொடுத்துக் கருப்பையைத் தயார்செய்து அடுத்த மாதம் முளையத்தை வைப்பதாகக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் தாதியாக வேலைசெய்யும் மச்சாளோ, மாத்திரை இல்லாமலே வைக்கலாம் என்றும், மாத்திரை முறையில் வைத்தால் பிற்பாடு பிரஷர் வரும் என்றும் தொலைபேசியில் எச்சரித்திருக்கிறார். சகோதரியின் தாயாருக்கு இவரைச் சுமந்திருந்தபோது பிரஷர் ஏறி, எட்டாம் மாதத்திலேயே சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுக்க வேண்டி வந்ததாம். இதற்கிடையில் மாமியார், இரண்டையும் ஒன்றாக வைத்தால் இரட்டையாகப் பிறக்கட்டுமே என்கிறார்.

கொழும்பில் மகப்பேற்று கிளினிக்குகளில் பல ஆண்டுகளாக வேலைசெய்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மச்சாள் சொல்வதில் பெரும்பகுதி சரி. மாதவிடாய் ஒழுங்காக வரும் ஒருவருக்கு, அதிலும் தாய்வழியில் பிரஷர் இருந்த ஒருவருக்கு, இயற்கைச் சுழற்சியில் முளையம் வைப்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஆனால் 'மாத்திரை முறை என்றால் பிரஷர் நிச்சயம்' என்பது சரியல்ல. அந்த இடைவெளியைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

முளையத்தை உறையவைத்துப் பின்னர் வைப்பது புதிய விடயமல்ல. இவ்வாறு பிறந்த முதல் குழந்தை 1984இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் பிறந்தது. அக்காலத்தில் மெதுவாகக் குளிரூட்டினார்கள். உள்ளே பனித்துகள் உருவாகி முளையம் சிதைவதும் உண்டு. இப்போது கண்ணிமைக்கும் நேரத்தில் கண்ணாடிபோல் இறுகச்செய்து, மறை 196 பாகை செல்சியசில் இருக்கும் திரவ நைதரசனில் வைக்கிறார்கள். உருகவைத்த பிறகு பெரும்பாலான முளையங்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆகவே உங்கள் இரண்டு முளையங்களும் அங்கே பத்திரமாகவே இருக்கின்றன. ஒரு மாதம் பிந்தினால் ஒன்றும் கெட்டுவிடாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நம்மவர்கள் அந்த ஒரு மாத அவசரத்தில்தான் பல கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முளையம் தயாராக இருக்கிறது. அதை ஏற்கும் நாளுக்குக் கருப்பையின் உட்சுவரைக் கொண்டுவர வேண்டும். அதற்கு வழிகள் மூன்று. முதலாவது இயற்கைச் சுழற்சி. உங்கள் சூலகத்திலேயே அந்த மாதத்து முட்டை வளர்வதை ஸ்கேனில் பார்த்து, அது வெளியேறும் நாளைச் சிறுநீர் அல்லது இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்து, அதிலிருந்து நாளைக் கணக்கிட்டு முளையத்தை வைப்பார்கள். முட்டைப்பை போதிய அளவுக்கு வளர்ந்ததும் எச்சிஜி ஊசி ஒன்றைப் போட்டு வெளியேறும் நேரத்தை நம் கைக்குள் கொண்டுவந்தால், அதைத் திருத்திய இயற்கைச் சுழற்சி என்கிறார்கள். உடலுக்குள் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டாவது தூண்டிய சுழற்சி. மாதவிடாய் ஒழுங்கற்றவர்களுக்கு, குறிப்பாகப் பிசிஓஎஸ் (முட்டை ஒழுங்காக வெளியேறாத சூலகக் கோளாறு) உள்ளவர்களுக்கு, லெட்ரசோல் போன்ற மாத்திரையை ஐந்து நாள் கொடுத்து ஒரு முட்டையை வளரச்செய்து, பிறகு முதல் முறையைப் போலவே தொடர்வார்கள். மூன்றாவதுதான் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் மருந்துச் சுழற்சி. மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஈஸ்திரோஜன் மாத்திரை கொடுத்து உட்சுவரைத் தடிக்கச் செய்வார்கள். அது 7 மில்லிமீற்றர் அளவைத் தாண்டியதும் புரோஜெஸ்தரோனைத் தொடங்கி, ஆறாம் நாளில் முளையத்தை வைப்பார்கள். இங்கே அந்த மாதத்து முட்டை வளர்வதுமில்லை, வெளியேறுவதுமில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முழு விடயமும் இருக்கிறது. முட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த பை சுருங்கி மறைந்துவிடுவதில்லை. சூலகத்திலேயே மஞ்சள் நிறமான ஒரு சிறு சுரப்பியாக அது மாறுகிறது. நம் உயிரியல் பாடநூலில் மஞ்சட்சடலம் என்று படித்தோமே, அதுதான். ஸ்கேனில் பார்த்தால் ஒரு பெரிய திராட்சைப்பழ அளவில், சுற்றிலும் இரத்த ஓட்டம் நெருப்பு வளையம்போல் ஒளிர்வது தெரியும். கரு தங்கினால் இந்தச் சுரப்பி முதல் இரண்டு மாதங்களுக்குக் கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பிறகு நச்சுக்கொடி பொறுப்பேற்கிறது. அது சுரப்பது புரோஜெஸ்தரோனும் ஈஸ்திரோஜனும் மட்டுமென்றால், அவற்றை மாத்திரையாகக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். பல காலம் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் அதிலிருந்து ரிலாக்சின் என்ற ஒரு பொருளும், இரத்தக்குழாய் வளர்ச்சிக்கு உதவும் வேறு சில பொருள்களும் வருகின்றன. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே தாயின் இரத்தக்குழாய்கள் நெகிழ வேண்டும், சிறுநீரகங்கள் கூடுதலாக வடிகட்டப் பழக வேண்டும், இதயம் கூடிய இரத்தத்தை இறைக்கத் தயாராக வேண்டும். ரிலாக்சின் இதற்குத் துணைநிற்கிறது. மஞ்சட்சடலம் இல்லாமல் கருவுற்றவர்களின் இரத்தத்தில் ரிலாக்சின் கண்டறிய முடியாத அளவுக்கு இருக்கிறது என்பதும், தொடக்க மாதங்களில் அவர்களுடைய இரத்தக்குழாய்கள் எதிர்பார்த்த அளவுக்கு நெகிழ்வதில்லை என்பதும் அளந்து பார்த்த செய்திகள். பார்மசியில் விற்கும் எந்த மாத்திரையிலும் ரிலாக்சின் இல்லை.

இனி எண்களைப் பார்ப்போம். 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், மருந்துச் சுழற்சியில் கருவுற்றவர்களில் 12.8 சதவீதத்தினருக்குப் பிரீஎக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தின் பிற்பாதியில் பிரஷர் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய், ஏற்பட்டது. திருத்திய இயற்கைச் சுழற்சியில் அது 3.9 சதவீதம். கடுமையான வகையை மட்டும் எடுத்தால் 9.6 சதவீதத்துக்கு எதிராக 0.8 சதவீதம். பார்த்ததும் பயந்துவிட வேண்டாம்; ஒவ்வொரு பக்கத்திலும் நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள், சிறிய ஆய்வுகளில் வித்தியாசங்கள் பெருத்துத் தெரிவது வழக்கம். அதே ஆண்டில் சுவீடனின் தேசியப் பதிவேடுகளிலிருந்து, உறைந்த முளையத்தால் ஒற்றைக் குழந்தையாகப் பிறந்த ஏறத்தாழ 9,700 பிரசவங்களை எடுத்துப் பார்த்தார்கள். இதன் கணக்குத்தான் நான் அதிகம் நம்புவது. இயற்கைச் சுழற்சியோடு ஒப்பிடுகையில் மருந்துச் சுழற்சியில் கர்ப்பகால உயர் குருதி அமுக்க நோய்களுக்கான வாய்ப்பு விகிதம் 1.78 மடங்காகவும், பிரசவத்துக்குப் பிந்திய பெரும் இரத்தப்போக்குக்கான வாய்ப்பு விகிதம் 2.63 மடங்காகவும் இருந்தது.

மருந்துச் சுழற்சிக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே மாதவிடாய் ஒழுங்கற்றவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள், ஆகவே அவர்களுக்குப் பிரஷர் வருவதில் என்ன வியப்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தூண்டிய சுழற்சிக்குப் போகிறவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு முட்டை வெளியேறுகிறது, மஞ்சட்சடலம் உருவாகிறது. சுவீடன் கணக்கில் அவர்களோடு ஒப்பிட்டபோதும் மருந்துச் சுழற்சியில்தான் ஆபத்துக் கூடியிருந்தது. காரணம் தாயின் பழைய நோய் மட்டுமல்ல, இல்லாமற்போன அந்தச் சுரப்பியும்தான் என்று நான் கருதுவதற்கு இதுவே வலுவான ஆதாரம்.

'மடங்கு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பொதுவாகக் கர்ப்பிணிகள் நூறு பேரை எடுத்தால் பிரீஎக்லாம்சியா வருவது இரண்டிலிருந்து எட்டுப் பேருக்குள். அது இரட்டிப்பாகிறது என்றே வைத்துக்கொண்டாலும், மருந்துச் சுழற்சியில் கருவுற்ற பெரும்பான்மையோருக்கு அது வருவதில்லை. அதனால், ஏற்கெனவே அந்த முறையில் கருவுற்று இதை வாசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் யாரும் கலங்க வேண்டியதில்லை. மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. அந்த முறையில் உங்கள் உடலிலிருந்து புரோஜெஸ்தரோன் வருவதில்லை. பத்து, பன்னிரண்டு வாரம்வரை மாத்திரைதான் கர்ப்பத்தைத் தாங்குகிறது. இணையத்தில் எதையோ வாசித்துவிட்டு ஏழாம் வாரத்தில் மருந்தை விட்டால் கர்ப்பமே கலைந்துவிடக்கூடும்.

அப்படியானால் பிள்ளை தங்கும் வாய்ப்பு எந்த முறையில் கூட? வீட்டாருக்கு முதலில் வேண்டியது இந்தப் பதில்தான். வியட்நாமில் மாதவிடாய் ஒழுங்காக உள்ள 1,400க்கு மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. உயிருடன் குழந்தை பெற்றோர் இயற்கைச் சுழற்சியில் 37, திருத்திய இயற்கைச் சுழற்சியில் 33, மருந்துச் சுழற்சியில் 34 சதவீதம். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பலன் ஒன்றாக இருக்கும்போது, தாய்க்கு ஆபத்துக் குறைந்த வழியை விட்டுவிட்டு மற்றதை எடுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும்.

காரணங்கள் இருக்கின்றன, அவற்றையும் சொல்லாவிட்டால் கிளினிக்குக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். மாதவிடாயே வராதவர்களுக்கும், சூலகம் ஓய்ந்துவிட்டவர்களுக்கும், தானமாகப் பெற்ற முட்டையால் கருவுறும் சிலருக்கும் பெரும்பாலும் மருந்துச் சுழற்சியைத் தவிர வழியில்லை. இயற்கைச் சுழற்சியில் ஸ்கேனுக்கு மூன்று, நான்கு தடவை வரவேண்டியிருக்கும். வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு வருகிறவருக்கு அது சிறிய பாரமல்ல. முட்டை தன் நாளைத்தான் பார்க்கும்; அந்த நாள் போயா தினமாகவோ ஞாயிற்றுக்கிழமையாகவோ வந்தால் ஆய்வுகூடத்தில் ஆள் வேண்டும். சில மாதங்களில் முட்டை சரியாக வளராமல் முழு மாதமும் வீணாவதும் உண்டு. மருந்துச் சுழற்சியில் நாளை நாமே குறிக்கலாம். ஆனால் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, 29 நாள் சுழற்சி உள்ள உங்களுக்கு இவற்றில் எது பொருந்துகிறது? அடுத்த முறை வைத்தியரைச் சனல் பண்ணிப் பார்க்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "எனக்கு முட்டை ஒழுங்காக வெளியேறுகிறது, அம்மாவுக்கு என்னைச் சுமந்தபோது பிரஷர் ஏறியது, எனக்கு மருந்துச் சுழற்சியைத் தெரிவு செய்ததற்கு மருத்துவக் காரணம் ஏதும் உண்டா?" காரணம் இருந்தால் விளக்குவார். வழக்கமாகச் செய்வது இதுதான் என்பது மட்டுமே பதிலென்றால், இயற்கைச் சுழற்சியில் செய்யுமாறு தயங்காமல் கேளுங்கள். ஸ்கேனுக்கு வந்துபோவது உங்களுக்குச் சிரமமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல இடங்களில் தயக்கம் அங்கேதான் இருக்கிறது.

மாமியாரின் விருப்பத்துக்கு நீளமான பதில் தேவையில்லை. ஒன்றை வையுங்கள், மற்றது உறைநிலையிலேயே இருக்கட்டும். இரட்டைக் கர்ப்பம் தன்னளவிலேயே பிரீஎக்லாம்சியாவுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் இரத்தப்போக்குக்கும் வழிவிடுகிறது. உங்கள் தாயாரின் கதைக்கு மேல் அதையும் ஏற்றிவைப்பது புத்திசாலித்தனமல்ல.

உறையவைக்காமல் அதே மாதத்தில் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சிலர் நினைப்பதுண்டு. அதிலும் நன்மை தீமை இரண்டும் உண்டு. சீனாவில் பிசிஓஎஸ் உள்ள 1,508 பெண்களிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், உறைந்த முளையம் பெற்றவர்களில் 49.3 சதவீதத்தினரும் உடனே வைத்தவர்களில் 42 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். சூலகம் அளவுக்குமீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர்கோர்க்கும் ஆபத்து 7.1 சதவீதத்திலிருந்து 1.3 ஆகக் குறைந்தது. ஆனால் பிரீஎக்லாம்சியா 1.4 சதவீதத்திலிருந்து 4.4 ஆகக் கூடியது. உறைந்த முளையத்தால் பிறக்கும் குழந்தைகள் சற்றுப் பெரிதாக இருப்பதும் பல நாடுகளில் கண்டதுதான்.

இனி, முளையம் தங்கிய பிறகு நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நேரில் காணும் குறை அங்கேதான் பெரிதாக இருக்கிறது.

ஐவிஎஃப் கிளினிக் எட்டாம், பத்தாம் வாரத்தில் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடும். அதன் பிறகு நீங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குக்கோ, காசல் வீதி அல்லது டி சொய்சா மகளிர் வைத்தியசாலைக்கோ, ஒரு தனியார் மகப்பேற்று நிபுணரிடமோ போவீர்கள். இந்தக் கைமாறலில் எந்த முறையில் முளையம் வைக்கப்பட்டது என்ற தகவல் தொலைந்துபோகிறது. சிலவேளை ஐவிஎஃப் என்ற விடயமே தொலைந்துபோகிறது, காரணம் மறதியல்ல. சில காலத்துக்கு முன் ஒரு பெண் 30ஆம் வாரத்தில் வந்தார். செருப்பு வார் பதிந்த தடம் பாதத்தில் விரல் ஆழத்துக்கு இருந்தது. பிரஷர் 150க்கு 100. முதற் பிள்ளையா, சிகிச்சை ஏதும் எடுத்தீர்களா என்று கேட்டேன்; அருகில் நின்ற மாமியாரைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். மாமியார் தேநீர் வாங்க வெளியே போனதும்தான், கைப்பையின் அடியில் மடித்துவைத்திருந்த கிளினிக் கடிதத்தை எடுத்து நீட்டினார். மருந்துச் சுழற்சி என்று தெளிவாக எழுதியிருந்தது. அவரும் பிள்ளையும் நலமாகவே வீடு திரும்பினார்கள், ஆனால் அந்தக் கடிதம் பன்னிரண்டாம் வாரத்தில் என் மேசைக்கு வந்திருந்தால் செய்திருக்கக்கூடிய ஒரு காரியம் இருந்தது.

அந்தக் காரியம் அஸ்பிரின். ஆபத்துக் கூடிய கர்ப்பிணிகளுக்குக் குறைந்த அளவில் கொடுத்தால் பிரீஎக்லாம்சியா, அதிலும் மாதம் நிறையாமல் பிள்ளையை எடுக்கவைக்கும் வகை, கணிசமாகக் குறைகிறது. 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆம் வாரம்வரை இரவில் 150 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.6 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதத்தினருக்கும் குறைமாதப் பிரீஎக்லாம்சியா ஏற்பட்டது. தொடங்கும் காலம்தான் முக்கியம். 20ஆம் வாரம் கடந்தபின் தொடங்குவதால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. உங்கள் விடயத்தில் முதற்கர்ப்பம், வயது 35, தாயாரின் வரலாறு, ஐவிஎஃப் ஆகியவை சேர்ந்திருப்பதால், எந்தச் சுழற்சியில் வைத்தாலும் இதைப் பற்றி நிபுணரிடம் பன்னிரண்டாம் வாரத்திலேயே கேளுங்கள். குடற்புண், ஆஸ்துமா, இரத்தம் உறைவதில் கோளாறு இருப்பவர்களுக்கு வேறு யோசனை தேவைப்படுவதால், பார்மசியில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். கிளினிக்கில் தரும் கல்சியத்தையும் ஒதுக்கிவைக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் அதே நேரத்தில் மட்டும் எடுக்க வேண்டாம், ஒன்று மற்றொன்றை உடல் ஏற்கவிடாது.

வீட்டில் ஒரு பிரஷர் பார்க்கும் கருவி வாங்கிவைப்பது நல்ல செலவு. மாடிப்படி ஏறிவந்த கையோடு பார்க்கக் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். கைப்பட்டி உங்கள் மேற்கைக்கு அளவாக இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டி போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும். 20ஆம் வாரத்துக்குப் பிறகு 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் அன்றே கிளினிக்குக்குத் தெரிவியுங்கள். 160க்கு 110 என்றால் அது அவசரம். விடாத தலையிடி, கண்முன் மின்னுவது அல்லது மங்குவது, வலது விலாவுக்குக் கீழே நோ, திடீரென முகமும் கையும் வீங்குவது ஆகியவற்றுக்கும் அப்படித்தான். காலைவரை காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

பிரசவத்துக்கு எங்கே பதிவது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். மருந்துச் சுழற்சியில் கருவுற்றவர்களுக்கு நச்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாக ஒட்டிக்கொள்வதும் அதிகம் காணப்படுகிறது. இரத்தவங்கியும், இரவிலும் மயக்க மருந்து நிபுணரும் இருக்கும் வைத்தியசாலையாகப் பாருங்கள். அறையின் வசதி இரண்டாம் பட்சம்.

உங்கள் கர்ப்பப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் முளையம் வைத்த திகதியும், ஐந்தாம் நாள் முளையம் என்பதும், எந்தச் சுழற்சி என்பதும் எழுதப்படுவதை உறுதிசெய்யுங்கள். திகதி இருந்தால் பிரசவ நாளையும் சரியாகக் கணிக்கலாம். ஐந்தாம் நாள் முளையமென்றால் வைத்த நாளிலிருந்து 261 நாள். மாமியாருக்குத் தெரியக்கூடாது என்றால் அதையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லுங்கள். ரகசியம் காப்பது அவர்களின் கடமை. வீட்டுக்கு வரும்போது பதிவேட்டை மேசையில் விரித்துவைக்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்பதில்லை. பிள்ளை பிறந்துவிட்டால் பிரஷரும் போய்விடும் என்று எண்ணிக் கருவியை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரையில்தான் அது திரும்ப ஏறுவது வழக்கம்; ஆறு வாரம்வரை ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. அந்த நாட்களில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், காயச்சரக்கு அரைபடும், தலையிடிக்கிறது என்றால் பனி பிடித்துவிட்டது, காதுக்குப் பஞ்சு வை என்பார்கள். பஞ்சை வையுங்கள், ஆனால் அதற்கு முன் கைப்பட்டியைக் கட்டி ஒருதடவை பாருங்கள்.